மணிக்கட்டும் மந்திரி மென்ற வெற்றிலையும்

பொறாமை முகத்தில்தான் தெரியும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் முகத்தை நன்றாகப் பழக்கி வைத்திருந்தேன். சக நிருபர் ஒருவரின் செய்தி முதல் பக்கத்தில் வந்துவிட்டால், நான் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து அவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என்னைத் தாய்மாமன் வரிசையில் போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்ட முகம். இது இருக்கிறவரை என் வயிற்றெரிச்சல் வெளியே தெரியாது என்று தைரியமாக இருந்தேன். மணிக்கட்டு என்று ஒரு மனிதர் இருப்பதை யோசிக்க மறந்துவிட்டேன்.

மதுரை மாவட்டத்தில் அவர் பிடித்துப் பார்க்காத கை கிடையாது. கலெக்டர் கை, கறிக்கடைக்காரர் கை, உண்ணாவிரதம் இருந்தவர் கை, அதை முடித்துவைக்கப் பழச்சாறு கொண்டுவந்தவர் கை, எல்லாம் ஒருமுறையாவது அவர் பிடியில் இருந்திருக்கின்றன. பெரியாஸ்பத்திரிப் பிணவறையில்கூட ஒரு கையைப் பிடித்தார் என்று எங்கள் போட்டோகிராபர் காதர் பாய் சொல்லுவார். "பாதி சேதி சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அந்த ஆளு எந்திரிச்சு ஓடிட்டாருண்ணே" என்றும் சொல்லுவார். இரண்டாவது பாதியை நான் நம்பவில்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. எங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் அவரும் நிருபர், நானும் நிருபர். ஏறக்குறைய ஒரே வயது. சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மணிக்கட்டு என்றால்தான் வருவார்.

அவரால் ஒரு செய்தியை உட்கார்ந்து நேராக எழுத முடியாது. முதலில் யாரிடமாவது சொல்ல வேண்டும். சும்மாவும் சொல்ல மாட்டார். எதிரே இருப்பவரின் மணிக்கட்டை நாட்டு வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி மூன்று விரலால் பிடித்துக்கொண்டு, மடியில் கிறுக்கல் காகிதத்தை வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி சொல்லிக்கொண்டே போவார். நடுவில் பிடிபட்ட கை அசைந்தால் நிறுத்துவார். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துக் காகிதத்தில் ஒரு சிறு கோடு போடுவார். மறுபடி தொடங்குவார். சொல்லி முடித்த பிறகுதான் எழுத்து.

கை எந்த வரியில் விலகுகிறதோ அந்த வரியில் அலுப்பு, அதை அடித்துவிடுகிறார் என்று ஆபீஸில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கப் பக்கத்தில் போனால் கையைக் கொடுக்க வேண்டும்.

ஒருநாள் பாதி மீசையோடு ஆபீஸுக்கு வந்தார். முடிதிருத்தும் கடையில் நாற்காலியில் சாய்ந்தபடியே, கத்தி பிடித்த கையைப் பிடித்துக்கொண்டு ஒரு லஞ்ச வழக்கைச் சொல்லியிருக்கிறார். நல்ல கட்டத்தில் அந்தக் கை வெட்டி இழுத்துவிட்டது.

"என்ன மாப்ள, முகத்துல ஒரு பக்கம் நியூஸ் கட்டாகியிருக்கு?" என்றேன்.

"போகட்டும் மாப்ள. மீசை வளந்துக்கும்" என்றார். அந்தச் செய்தி மறுநாள் முதல் பக்கம். ஊரெல்லாம் அதே பேச்சு. நான் என் சிரிப்பைச் சிரித்தேன்.

இந்தப் பழக்கம் அவருக்கு அப்பா வழியில் வந்தது. அப்பா மாட்டுத் தரகர். இன்றைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் நிற்கிறது, அன்றைக்கு மாடுதான் நின்றது. அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவரும் தரகரும் ஒரு துண்டைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மணிக்கட்டு சின்ன வயதில் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். இதை எனக்கு அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. மாட்டுக்கும் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டுக் குண்டைப் போட்டார்.

"மெட்ராஸ்லருந்து ஒரு அம்மா வாராங்க. டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஆசிரமத்துல மூணு நாள் முகாம். நிருபர்களுக்கு எழுதச் சொல்லித் தருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் சொந்த நடை வரணுமாம்."

"அப்ப இத்தனை வருசமா நாங்க என்னத்தை எழுதிக்கிட்டு இருக்கோம் சார்?" என்றேன்.

"அதைத்தான்யா நானும் கேக்குறேன்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாகச் செத்திருப்பேன். முகாம் முடிவில் யார் எழுத்து அந்த அம்மாவுக்குப் பிடிக்கிறதோ அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மலரில் வாராவாரம் ஒரு பத்தி, பெயரோடு, என்று சேர்த்துச் சொன்னார்.

பெயரோடு! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியாது. அன்றைக்கு நிருபர் வெள்ளத்தில் நீந்திப் போய்ச் செய்தி கொண்டுவந்தாலும் 'நமது நிருபர்' என்றுதான் போடுவார்கள். நான் பத்திரிகையில் வேலை பார்க்கிறேன் என்பதை என் மாமனார் நம்பவே இல்லை. செய்தியைக் காட்டி, "இது நான் எழுதுனது மாமா" என்றால், கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நமது நிருபர்னுல்ல போட்டிருக்கு? அது யாரா வேணும்னாலும் இருக்கலாமே மாப்பிள்ளை" என்பார். பெண்ணைக் கொடுத்த மனிதர் சந்தேகத்திலேயே முதுமை அடைந்துகொண்டிருந்தார். எனக்கு அந்தப் பத்தி வேண்டும். சோறு தண்ணி இல்லாமல்கூட இருப்பேன், அந்தப் பத்தி வேண்டும்.

எனக்குக் குறுக்கே நிற்கக்கூடியவர் மணிக்கட்டு ஒருவர்தான் என்று மனசு சொன்னது. அவருடைய வித்தை அந்தப் பிடியில்தான் இருக்கிறது, அதை நானும் பழகிக்கொண்டால் என்ன என்று அடுத்த நிமிஷம் அதே மனசு சொன்னது. அது எப்போதும் இப்படித்தான், எதிரியைக் காட்டிவிட்டு என்னை அவன் சட்டைக்குள் நுழையச் சொல்லும்.

அன்று மாலை, வெங்காயம் அரிந்துகொண்டிருந்த என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, நகராட்சி வரி உயர்வை உருக்கமாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் கண்ணில் நீர் வழிந்தது. ஆகா என்று இருந்தது.

"கையை விடுங்க. வெங்காயம் எரியுது. காச்சலா ஒங்களுக்கு?" என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் கையைப் பிடித்தேன். "அண்ணே, டிக்கெட்டு கேட்டா காசக் குடுங்க, கையக் குடுக்காதீங்க. பின்னாடி லேடீஸ் பாக்குறாங்க" என்றார். அத்தோடு அந்த வித்தையை நிறுத்திக்கொண்டு நேரடியாகப் பொறாமைப்படுவது என்று முடிவு செய்தேன்.

ஆசிரமத்தில் காபி கிடையாது, சுக்குமல்லித் தண்ணீர்தான். சிகரெட் கிடையாது, வேப்பங்காற்று. மத்தியானச் சாப்பாடு வரை மௌனம். பத்திரிகைக்காரர்களைத் திருத்த இதைவிடக் கொடுமையான இடம் தமிழ்நாட்டில் கிடைத்திருக்காது. காதர் பாய் முதல் நாளே, "அண்ணே, ஜெயில்ல இருக்கிற நம்ம சொந்தக்காரனுக்குப் பீடியாச்சும் கெடைக்குது" என்று பெருமூச்சு விட்டார். அவருக்கு எழுத்து வேலை கிடையாது. எங்களைப் படம் எடுக்க வந்தவர், எங்களைப் பார்த்து ரசிப்பதோடு சரி.

மெட்ராஸ் மேடம் வந்தார். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, தோளில் ஜோல்னாப் பை, கண்ணில் பரிவு. அந்தப் பரிவுதான் பயமாக இருந்தது. மௌனம் முடிந்த முதல் மத்தியானம் என்னைத்தான் முதலில் கேட்டார்.

"நீங்க எழுதற செய்தியில நீங்க எங்க இருக்கீங்க?"

"ரெண்டாம் பக்கத்துல மேடம். கீழ்ப்பக்கமா, சினிமா விளம்பரத்துக்கு மேல."

சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. பையிலிருந்து எங்கள் பத்திரிகையை எடுத்தார். யார் எழுதியது என்று சொல்லாமல் ஒரு செய்தியைப் படித்தார். சோழவந்தான் பக்கம் வைகை வெள்ளத்தால் விளைந்த சேதத்தைப் பார்வையிட அமைச்சர் வந்த செய்தி. 'அமைச்சருக்கு வெற்றிலை பாக்கு வழங்கிச் சிறப்பான வரவேற்பு அளிக்கப்பட்டது. அமைச்சர் மகிழ்ச்சி தெரிவித்தார். ஆவன செய்யப்படும் என்று கூறினார்.'

"எப்படி இருக்கு? யாராவது சொல்லுங்க."

அந்தப் பயணத்துக்கு மணிக்கட்டும் நானும் ஒரே ஜீப்பில் போயிருந்தோம். இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தோம். எதைப் போட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை. அவருடையது வந்திருந்தால் பார்த்து வயிறு எரிய வேண்டாமே என்று அன்றைய பத்திரிகையையே புரட்டவில்லை. ஆகவே அது மணிக்கட்டு எழுதியதுதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. எழுந்து நின்றேன்.

"மன்னிக்கணும் மேடம். யாரையும் புண்படுத்தணும்னு சொல்லல. ஆனா இது யாரோ தூங்கிக்கிட்டே எழுதுனது."

"ரொம்பச் சரி. எழுதினது யார்?" என்று மேடம் பத்திரிகையின் மேலே ஆசிரியர் குறித்துக் கொடுத்திருந்த பெயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பரிவோடு.

காதர் பாய் என்னைப் படம் எடுத்தார். அந்தப் படம் இன்றும் அவர் வீட்டில் இருக்கிறது. பெருநாளைக்குப் பிரியாணி சாப்பிடப் போனால் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் இலை போடுவார்.

"இதே வெள்ளச் சேதத்தை நாளைக்குக் காலையில மறுபடி எழுதுங்க. உங்க வீட்டு ஆளுகிட்ட சொல்ற மாதிரி எழுதுங்க. அதுக்கு மறுநாள் வாசிக்கலாம்" என்றார் மேடம். வெள்ளம் பார்க்கப் போகாதவர்கள் தாங்கள் கண்ட வேறு எதையாவது எழுதலாம். ஞாயிற்றுக்கிழமைப் பத்தி அந்த வாசிப்பில் முடிவாகும்.

மறுநாள் காலை மௌனத்தில் எல்லோரும் எழுதினார்கள். நானும் எழுதினேன், அடித்தேன், எழுதினேன். ஓரக்கண்ணால் பார்த்தால் மணிக்கட்டு கரைமேல் போட்ட கெண்டை மாதிரி துடித்துக்கொண்டிருந்தார். பேசக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது என்றால் அவருக்கு எழுத்தே வராது. பக்கத்திலிருந்தவர்கள் எச்சரிக்கையாகக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இடது கையால் சுக்குமல்லி குடித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. இப்படியே இன்னும் ஒருநாள் மௌனம் நீடிக்கட்டும் என்று அங்கே மாட்டியிருந்த மகாத்மா படத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுங்கினேன். பின்னாலேயே வந்தார்.

"மாப்ள, கையக் குடு."

"யோவ், போட்டி நடக்குது. நான் ஒனக்குப் போட்டியாளன்."

"தெரியும். அதான் ஒங்கிட்ட வாரேன். மத்தவன் கை எல்லாம் செத்துக் கெடக்கு. குடு."

கொடுத்துத் தொலைத்தேன். அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள இதைவிட வழி இல்லை.

தொடங்கினார். 'வான்மகள் வடித்த கண்ணீர் வைகையாய்ப் பெருகி வயல்களை வாரி அணைத்தது.' என் கை இலவம்பஞ்சு மாதிரி அவர் பிடியில் கிடந்தது. நல்ல வேளை, இதை வாசித்தால் மேடம் ஜோல்னாப் பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவிடுவார். இன்னும் நாலு வரி அதே மாதிரி. நான் சுகமாக மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'வெள்ளச் சேதம் பார்க்க மந்திரி வந்தார். வெள்ளத்துக்கு அம்புட்டு நேரம் இல்லை. முந்தின வாரமே போய்விட்டது.'

என் கை வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டியது. நான் வெட்டவில்லை, அதுவாக வெட்டியது. இந்த வரி ஏன் எனக்கு வரவில்லை என்று நெஞ்சில் கிளம்பிய ஒன்று நேராக விரல் நுனிக்கு ஓடிவிட்டது.

"என்ன மாப்ள?"

"ஈ" என்றேன்.

அவர் பென்சிலை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் கோடு போட்டார். எனக்குச் சொர்க்கம் திறந்தது. அடிக்கிறார்! நல்ல வரியை அடிக்கிறார்!

'இடிந்த சுவர் ஒன்றைக் காட்டினார்கள். அது போன வருஷ மழையில் விழுந்தது என்று சுவருக்குச் சொந்தக்காரி சொன்னாள். சுவரை விட்டுவிட்டு அவளை நகர்த்தினார்கள்.' வெட்டு. கோடு. 'கொடிக்கால்காரர் மிஞ்சிய கொடியில் நாலு வெற்றிலை கிள்ளி, மடித்துக் கொடுத்தார். "வெள்ளத்துல மிச்சம் இம்புட்டுத்தான் அய்யா" என்றார். மந்திரி மிச்சத்தை மென்றுகொண்டே காரில் ஏறினார்.'

அந்த இடத்தில் என் கை வெட்டிய வெட்டில் பக்கத்திலிருந்த பசு எழுந்து நின்றுவிட்டது. அதே வெற்றிலையை, அதே இடத்தில், அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு 'மகிழ்ச்சி தெரிவித்தார்' என்று எழுதியவன் நான்.

"இங்க ஈ ஜாஸ்தி" என்றேன்.

"மாட்டுக்கொட்டாய்ல்ல" என்றார் மணிக்கட்டு. கோடு போட்டார்.

அன்று நான் கேப்பைக் களியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மாமனாருக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டுவது, எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது என்பது வரை யோசித்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் வாசிப்பு. நான் முதலில் வாசித்தேன். இரவல் சட்டை மாதிரி இல்லாமல் ஓரளவு என் சட்டையாகவே இருந்தது. மேடம் தலையாட்டினார். "இப்ப நீங்க முழிச்சுக்கிட்டீங்க. இன்னும் எந்திரிக்கல" என்றார். பரவாயில்லை, வான்மகளுக்கு முன்னால் படுத்துக்கொண்டே ஜெயிக்கலாம் என்று உட்கார்ந்து சுக்குமல்லி டம்ளரைக் கையில் எடுத்தேன்.

மணிக்கட்டு எழுந்தார். "வெள்ளச் சேதம் பார்க்க மந்திரி வந்தார்" என்று தொடங்கினார்.

வான்மகள் எங்கே? வாரி அணைத்த வயல் எங்கே? காணோம். நான் சுகமாக உட்கார்ந்து கேட்ட ஒரு வரியும் அதில் இல்லை. என் கை துடித்த வரிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, தேர்வடம் பிடித்த ஆட்கள் மாதிரி வந்தன. கூடம் சிரித்தது. வெற்றிலை வந்தது. மந்திரி மிச்சத்தை மென்றார். கூடம் சிரிக்கவில்லை. அப்படி ஒரு அமைதி. ஆசிரமம் எவ்வளவோ முயன்று கொண்டுவர முடியாத மௌனம் அது.

யாரும் பிடிக்காமலேயே என் கை வெட்டியது. டம்ளர் சுக்குமல்லி முழுக்கக் காதர் பாய் மடியில்.

"யா அல்லா! அண்ணே, என்ன ஆச்சு?"

"ஈ" என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மணிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. திருமங்கலம் வரை ரோட்டோரப் புளியமரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். பிறகு அடக்க முடியாமல் கேட்டேன்.

"யோவ், கை இழுத்தா அந்த வரிய அடிப்பியே, ஏன் அடிக்கல?"

"எவன்யா சொன்னது அடிப்பேன்னு?"

"ஊரே சொல்லுது."

"எங்கப்பா என்ன சொல்லுவாரு தெரியுமா? துண்டுக்குள்ள கைய விட்டா, மாடு வேணாங்கிறவன் கை வெந்த கீரத்தண்டு மாதிரி கெடக்கும். மாடு மேல ஆசப்பட்டவன் கைதான் வெட்டும். வாயில 'பல்லு சரியில்ல, சுழி சரியில்ல'ம்பான், கை மட்டும் 'எனக்கு எனக்கு'ங்கும்." என் மணிக்கட்டைத் தட்டிக் கொடுத்தார். "ஒன் கை நேத்து அப்படிச் சொல்லுச்சு மாப்ள. அது சொன்ன எடத்த வச்சுக்கிட்டேன். சும்மா கெடந்த எடத்த அடிச்சேன். வான்மகளுக்கு நீ எம்புட்டு நிம்மதியா இருந்த, ஞாபகம் இருக்கா?"

ஜன்னல் பக்கம் திரும்பி என் பழைய சிரிப்பைச் சிரித்தேன். அதனால் இனிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் சிரித்தேன்.

பத்தி அவருக்குத்தான் கிடைத்தது. என்ன பெயர் போட என்று ஆசிரியர் கேட்டபோது, சம்பளப் பட்டியல் பெயரைச் சொல்லாமல், நாங்கள் கேலிக்கு வைத்த பெயரையே சொன்னார். ஞாயிறுதோறும் 'மணிக்கட்டு' வந்தார். என் மாமனார் அதைத் திண்டுக்கல் தாத்தா, திருச்சி மச்சான் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவார். "ஒங்க ஆபீஸ்ல ஒரு ஆளாச்சும் எழுதுறாரேப்பா" என்பார் என்னிடம். நான் தொடர்ந்து நமது நிருபராக இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் என் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போடுவார்.

"கையக் குடு மாப்ள."

"வேற ஆளே இல்லையா? பாய்கிட்ட போயேன்யா."

"பாய் கையப் பிடிச்சுப் பாத்துட்டேன். தூண் மாதிரி நிக்குது. பிறத்தியார் நல்லா இருந்தா சந்தோசப்படுற மனுசன். நம்ம தொழிலுக்கு ஆகாது. பொறாமைக்கு ஒன்னைய அடிச்சுக்க இந்த ஜில்லாவுல ஆள் கெடையாது. குடு."

ஒவ்வொரு சனிக்கிழமையும் கொடுத்தேன். இழுத்துக்கொண்டே கொடுத்தேன். ஒரு வாரம் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தபோது வீட்டுக்கே வந்து போர்வைக்குள் கையை விட்டார். சந்தைத் துண்டுக்குள் விடுகிற மாதிரியே. அந்த வாரப் பத்தி அவ்வளவு சரியில்லை. காய்ச்சலில் எல்லா வரிக்கும் கை நடுங்கியிருக்கிறது.

பிறகு அவரைத் திருநெல்வேலிப் பதிப்புக்கு மாற்றினார்கள். பத்தி நின்றது. சனிக்கிழமைகளில் நான் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஆபீஸில் புதிதாக வந்தவர்கள் வாதநோய் என்று நினைத்தார்கள்.

போன மார்கழியில் அவரைப் பார்க்கத் திருநெல்வேலி போயிருந்தேன். இந்தக் கட்டுரையைக் கையோடு கொண்டுபோனேன். காபி வந்ததும் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "கையக் குடு மாப்ள" என்றேன். முழித்தார். முதன்முறையாக அவர் மணிக்கட்டை நான் பிடித்தேன். வாசித்தேன்.

"அது பாதி மீசை இல்ல, கால் மீசை" என்றார் ஒரு இடத்தில். பல இடங்களில் அவர் கை வெந்த கீரைத்தண்டாகக் கிடந்தது. அப்படிக் கிடந்த இடங்களை எல்லாம் அடித்துவிட்டேன். நீங்கள் தப்பித்தீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் அவர் கை வெடுக்கென்று வெட்டியது.

"என்ன மாப்ள?" என்றேன்.

"ஈ" என்றார்.

குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுக்கொண்டேன்.